வாய் பூட்டிய ஸ்பேனர்

அத்தியாயம் 5

குற்றவாளி யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் அவனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிற ஆட்களை நான் நம்புவதில்லை. சலவை ஆலை மேனேஜர் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"மெஷின் ரிப்பேர் பாக்கற பிட்டர்தான் சார். சந்தேகமே இல்ல. அவன் வாயால ஒரு வார்த்தை வாங்கிக் குடுத்தீங்கன்னா போதும்."

"சந்தேகமே இல்லேன்னா நான் எதுக்கு?"

"முதலாளியம்மா வெளி ஆள் ஒருத்தர் பாக்கட்டும்னாங்க. சாயங்காலம் சங்கு ஊதறதுக்குள்ள முடிஞ்சுடணும். அதுக்கப்புறம் அவனைப் போலீஸ்ல குடுக்கறதா முடிவு."

எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. முட்டி வேறு வலித்தது. ஆலைக்குள் இருந்த வெக்கைக்கு, ஆமாம் பிட்டர்தான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. கூட வந்திருந்த என் கொழுந்தியாள் அதை முகத்திலேயே படித்துவிட்டாள். என் தொழிலில் வண்டி ஓட்டுவது அவள், வாய் ஓட்டுவதும் அவள்தான்.

"அத்தான், உட்கார்ந்து கேளுங்க. நின்னுக்கிட்டே இருந்தா உங்க முட்டி முதல்ல ஒத்துக்கிட்டுடும்" என்றாள்.

விஷயம் இதுதான். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிற ஆலை அது. ஒரே ஒரு பெரிய இஸ்திரி மெஷின். ஆள் உயரத்துக்குச் சூடான உருளை சுற்றிக்கொண்டிருக்கும். ஈர விரிப்பை இந்தப் பக்கம் ஊட்டினால் அந்தப் பக்கம் மொறமொறவென்று வரும். ஊட்டுகிற ஆளுக்குப் பின்னால் சுவரோரமாக நீராவிக் குழாய் போகிறது. நேற்றுக் காலை அந்தக் குழாயின் இணைப்பு நட்டு விட்டுப்போய், ஆவி பீறிட்டு, விரிப்பு ஊட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை வெந்துவிட்டது. குழாய்க்குப் பக்கத்திலேயே பிட்டரின் ஸ்பேனர் கிடந்தது. போன மாதம் அவனுக்குச் சம்பள உயர்வு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் காட்டத்தில் வேண்டுமென்றே நட்டைத் தளர்த்தினான் என்பது மேனேஜர் கட்சி.

"ஸ்பேனர் எங்க?"

பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார். "முதலாளியம்மா கண்ணு முன்னாடியே ஒட்டினேன். அதுக்கப்புறம் ஒருத்தர் கை படல."

"ரொம்ப நல்லது" என்றேன். நிஜமாகவே ரொம்ப நல்லதாகத்தான் போயிற்று.

வாயை அகலப்படுத்திச் சுருக்கிக்கொள்கிற ஸ்பேனர் அது. எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஆனால் இதில் திருகுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டன் இருந்தது. தள்ளினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வைத்த அளவில் வாய் அப்படியே நிற்கும். ஆட்டினாலும் அசையாது, கீழே போட்டாலும் மாறாது. பட்டன் இப்போது பூட்டின நிலையில் இருந்தது.

குழாய்ப் பக்கம் போனோம். விட்டுப்போன நட்டை மறுபடி மாட்டியிருந்தார்கள். பையைப் பிரித்து, பட்டனைத் தொடாமல், ஸ்பேனரை நட்டின் மேல் வைத்தேன்.

உள்ளே போகவில்லை. வேறு பக்கம் வைத்தேன். போகவில்லை. நட்டு பெரிசு, வாய் சின்னது.

"என்னத்தான், சாப்பிட மாட்டேங்குதா?"

"வாய் பத்தல."

மேனேஜர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அவன் கழட்டினப்புறம் வாயைச் சுருக்கியிருப்பான் சார்."

"சுருக்கிட்டு, மறக்காம பூட்டும் போட்டுட்டு, அதை இங்கேயே விட்டுட்டுப் போயிருக்கான். தப்பு பண்ணிட்டு ஓடறவனுக்கு ரொம்பத்தான் பொறுமை."

நட்டைக் கொஞ்சம் துடைத்தேன். ஆறு முகத்திலும் வரிவரியாகப் பல் கடித்த தடம். ஸ்பேனரின் தாடை உள்பக்கம் வழவழப்பு, ஒரு பல்கூடக் கிடையாது.

"இதைக் கடிச்சது வேற ஆள்" என்றாள் கொழுந்தியாள். "நம்ம ஆள் பொக்கை வாய்."

மேனேஜர் பதில் சொல்வதற்குள் ஆஸ்பத்திரித் துணி லாரி வந்துவிட்டதாக யாரோ கூப்பிட்டார்கள். அவர் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை பார்த்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேன்.

பூட்டின ஸ்பேனர் கடைசியாகப் பிடித்த நட்டின் அளவை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும். அப்படியானால் அந்த நட்டு இந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். நாங்கள் தேட ஆரம்பித்தோம். துவைக்கிற தொட்டி, பிழிகிற டிரம், தள்ளுவண்டிச் சக்கரம், பம்பு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்குப் பெரிசாக இருந்தது. இன்னொன்றுக்குச் சின்னதாக இருந்தது.

"மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கற மாதிரி இருக்கு" என்றாள் அவள். "இது உயரம், அது குட்டை. கடைசியில எதிர்வீட்டுப் பொண்ணுதான்னு முடியப்போகுது."

"வாயை மூடிக்கிட்டு அந்த லைட்டைக் காட்டு."

"நான் மூடினா உங்களுக்குத் தூக்கம் வந்துடும்."

அவள் சொன்னபடிதான் முடிந்தது. குழாய்க்கு நேர் எதிரே, இஸ்திரி மெஷினின் முகப்பில், உருளைக்கு முன்னால் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. விரிப்போடு சேர்ந்து கையும் உள்ளே போய்விடாமல் தடுக்கிற கம்பி. இரண்டு முனையிலும் பச்சைப் பெயின்ட் அடித்த நட்டு. வலது நட்டின் மேல் ஸ்பேனரை வைத்தேன். சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. இடது நட்டிலும் அப்படியே. ஒரு நூல்கூட ஆட்டம் இல்லை. நட்டின் முனைகளில் பெயின்ட் புதிதாக உரிந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன். "நேத்து இந்தக் கம்பி இருந்துச்சா?"

"நாங்க ஒண்ணும் பாக்கல" என்றாள் ஒருத்தி.

"நாங்க ஒண்ணும் பாக்கல" என்றாள் அடுத்தவள், அதே இழுப்பில்.

கொழுந்தியாள் என் காதருகே வந்தாள். "நல்லா மடிச்சுப் போட்டிருக்காங்க அத்தான். விரிப்பைச் சொல்லல."

பிட்டரை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். கதவைப் பூட்டவில்லை, ஆனால் வெளியே வாட்ச்மேன் நின்றான். நாற்பது வயசு இருக்கும். சோப்புப் பீப்பாய் மேல் உட்கார்ந்து தன் பெருவிரலைத் தானே அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். நேற்றிலிருந்து மாற்றவில்லை என்று தெரிந்தது.

நான் நேற்று நடந்ததைக் கேட்கவில்லை. களைத்துப்போன ஆளிடம் நேராகக் கேட்டால் பொய்தான் முதலில் வரும். ஸ்பேனரைக் காட்டி, "எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வாங்கணும். எப்படிப் பாத்து வாங்கறது?" என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கடையில பூட்டைப் போட்டுட்டு காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. கடகடன்னு சத்தம் வந்தா வேணாம். பூட்டின பிறகு தாடையைப் பெருவிரலால அமுக்கினா இம்மிகூட நகரக் கூடாது. அப்புறம் அந்த பட்டன். உள்ளங்கை படற இடத்துல இருந்தா வாங்காதீங்க. வேகமா இழுக்கையில கை பட்டு தானே விட்டுக்கும்."

"சாதா ஸ்பேனர் போதாதா?"

"போதும். ஆனா ஒவ்வொரு இழுப்புக்கும் அது லூசாகும், மறுபடி பெருவிரலால திருகி இறுக்கணும். எனக்கு இந்த மூட்டு போயிடுச்சு. இறுக்காம விட்டா நட்டோட முனை வழுக்கி உருண்டையாயிடும். இது ஒரு தடவை வச்சுப் பூட்டினா, ஒரே அளவு நட்டு எத்தனை இருந்தாலும் வரிசையா முடிச்சுடலாம்."

"இழுக்கறது எந்தப் பக்கம்?"

"அசையாத தாடைதான் பாரத்தைத் தாங்கணும். அசையற தாடைப் பக்கம் பாரம் விழுந்தா பூட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல."

"வேலை முடிஞ்சதும்?"

"பூட்டை எடுத்து, வாயை முழுசா மூடி, துடைச்சு வச்சுடுவேன். திறந்து வச்சா தூசி போய் சக்கரம் கடிக்கும்."

"நேத்து ஏன் மூடல?"

அவன் பெருவிரலை விட்டுவிட்டான்.

"எழுதிக்கோங்க" என்றான் அவன். "நான்தான் குழாய் நட்டைக் கழட்டினேன். சம்பளம் ஏத்தலன்னு கோவம்."

ஒப்புக்கொள்ள வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இதோ ஒப்புக்கொண்டுவிட்டான். இப்படியே வண்டியேறிப் போயிருக்கலாம். ஆனால் பொய்யான மறுப்பை விட எனக்கு எரிச்சல் தருவது பொய்யான ஒப்புதல்.

"இந்த ஸ்பேனர் அந்த நட்டுக்குள்ள போகவே போகாது."

"வேற ஒண்ணால கழட்டினேன்."

"எதால?"

யோசித்தான். "பைப் ரிஞ்ச்."

"பல்லு வச்சதுதானே? சரி. அது எங்க இருக்கு, காட்டு."

"இங்க இருக்கறது ஒண்ணுதான், மேனேஜர் ரூம் பீரோவுல. சாவி அவர்கிட்ட..." அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

"ஏம்பா" என்றாள் கொழுந்தியாள், "பொய் சொல்றதுன்னா கொஞ்சம் முன்கூட்டி யோசிச்சு வச்சுக்கக் கூடாதா? எங்களுக்கும் வேலை மிச்சம்."

அவன் சிரிக்கவில்லை. "என்னைப் பிடிச்சுக் குடுங்க. அண்ணிகிட்ட மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க."

"யாரு அண்ணி?"

"கை வெந்தவங்க. எங்க அண்ணன் சம்சாரம். அண்ணன் இல்ல. அவங்கதான் என்னை இங்க வேலைக்குச் சேத்துவிட்டாங்க."

மேனேஜர் இதை மட்டும் சொல்ல மறந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கொழுந்தியாள் மட்டும் உள்ளே போனாள். அவள் திரும்பி வந்தபோது முகத்தில் கேலி இல்லை.

"அத்தான், ஆவி அடிச்சா எந்தப் பக்கம் வெந்துபோகும்?"

"அடிக்கிற பக்கம்."

"முழங்கைக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பட்டையா இருக்கு. தோசை திருப்பிப் போட்ட மாதிரி."

உள்ளே போனேன். அண்ணிக்கு ஐம்பதை நெருங்கின வயசு, இறுகின வாய். நான் யார் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆவிதான் அடிச்சுது. பழைய குழாய். யார் மேலயும் தப்பில்ல. அப்படித்தான் சொன்னேன், அப்படித்தான் சொல்வேன்."

"யார் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

கொழுந்தியாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, உங்க கொழுந்தன் உங்களை வந்து பாத்தாரா?"

"வரல." அந்த ஒரு சொல்லில்தான் வலி இருந்தது, கையில் இருந்ததைவிட. "நேத்திலேர்ந்து எட்டிக்கூடப் பாக்கல."

"எப்படி வருவாரு? ஸ்டோர் ரூம்ல உட்கார வச்சிருக்காங்க. குழாயைக் கழட்டி உங்க கையை வேக வச்சது அவர்தான்னு சாயங்காலம் போலீஸ்ல குடுக்கப் போறாங்க."

அண்ணி மெதுவாகத் திரும்பினாள்.

"யாரு சொன்னா?"

"உங்க மேனேஜர்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பியோடு ஊட்டினால் வேகம் வராது என்று நேற்றுக் காலை மேனேஜர் அதைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். கழற்றினவன் கொழுந்தன். விரிப்பின் ஓரம் அவள் விரலில் சுற்றிக்கொண்டு கையை உருளைக்கு இழுத்துவிட்டது. அவளை எல்லோரும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். வண்டியில் மேனேஜர் அவள் பக்கத்தில் குனிந்து சொல்லியிருக்கிறார்: கம்பி இல்லை என்று தெரிந்தால் உன் கொழுந்தன் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆவி என்று சொல்லிவிடு, யாருக்கும் ஒன்றும் வராது.

"அவனுக்காகத்தான் சொன்னேன்" என்றாள். "அதையே திருப்பி அவன் தலையில போட்டுட்டாரா?"

மீதி எனக்குத் தானாகவே புரிந்தது. எல்லோரும் வெளியே ஓடின நேரத்தில் பிட்டர் பயந்துபோய்க் கம்பியை மறுபடி மாட்டியிருக்கிறான். அவசர அவசரமாக ஸ்பேனரைப் பூட்டி, இரண்டு நட்டையும் இறுக்கி, ஆள் வரும் சத்தம் கேட்டு, பூட்டை எடுக்காமல் குழாய்த் தாங்கி மேல் வைத்துவிட்டு ஓடியிருக்கிறான். அவளை வண்டியேற்றி அனுப்பிவிட்டுத் திரும்பின மேனேஜர், கம்பி இருப்பதையும் ஸ்பேனர் இருப்பதையும் பார்த்திருக்கிறார். ஆவி என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, இனி ஆவி வந்தாக வேண்டும். பீரோவைத் திறந்து பைப் ரிஞ்சை எடுத்துக் குழாய் நட்டைத் தானே கழற்றினார்; பழி போட பிட்டரின் ஸ்பேனர் பக்கத்திலேயே இருந்தது. கம்பி இல்லாததை மறைக்க அவன் செய்த வேலைதான் அவன் கழுத்துக்கே சுருக்கு ஆயிற்று; அண்ணி கை வெந்தது தன்னால்தான் என்று அவனும் அதில் தலையைக் கொடுத்துவிட்டான்.

"நான் வரேன்" என்று அண்ணி கட்டிலை விட்டு இறங்கினாள். நர்ஸ் தடுத்தாள். கொழுந்தியாள் நர்ஸிடம் ஏதோ பேசி, சண்டை போட்டு, கெஞ்சி, ஒரு வழியாக அனுமதி வாங்கினாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் அனுமதி வாங்குகிற விதத்தை நான் எப்போதும் கேட்பதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாளியம்மா ஆபீசில் இருந்தாள். மேனேஜர் புகாரைத் தயாராக வைத்திருந்தார். பிட்டரையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். அண்ணி உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவன் சுவரோரம் ஒதுங்கினான். இன்னும் இடம் இருந்தால் சுவருக்குள்ளேயே போயிருப்பான்.

அண்ணி உட்காரவில்லை. "அம்மா, என் கையில ஆவி படல. உருளையில மாட்டிச்சு. கம்பி இல்ல. மேனேஜர் சொன்னாரு, இவன் கழட்டினான்."

"வலியில என்னமோ பேசறாங்க" என்றார் மேனேஜர். "கம்பி இன்னிக்கும் அங்கதானே இருக்கு?"

நான் ஸ்பேனரை மேசை மேல் வைத்தேன். "இது குழாய் நட்டுல போகாது. கம்பி நட்டுல போகும். ரெண்டையும் நீங்களே வந்து வச்சுப் பாருங்கம்மா. குழாய் நட்டுல பல் தடம் இருக்கு. இங்க பல் வச்ச சாமான் ஒண்ணுதானாம், அது இவரு பீரோவுல இருக்கு. சாவி இவரு இடுப்புல இருக்கு."

மேனேஜரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"இது ஒண்ணும் நான் எனக்காகப் பண்ணல" என்றார் அவர், குரல் மாறி. "வேகம் பத்தல, வேகம் பத்தலன்னு தினம் யாரு சொன்னது?"

முதலாளியம்மா ஸ்பேனரையே பார்த்தாள். "வேகம் வேணும்னுதான் சொன்னேன். கம்பியைக் கழட்டச் சொல்லல."

"கம்பி இருந்தா அந்த வேகம் வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கும் தெரிந்தது. சம்பளம் கொடுத்து என்னை வரவழைத்தவளே கடைசியில் கணக்கில் வந்து நிற்பாள் என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நான் யாரையும் கணக்கிலிருந்து விடுவதில்லை.

அவள் புகாரை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். "சரி. போலீஸ் வேணாம். இவன் வேலையில இருக்கட்டும். அந்தம்மா கைக்கு ஆகற வைத்தியத்தை ஆலை பாத்துக்கும். இதோட முடிச்சுக்கலாம். வெளியில போக வேணாம்."

மேனேஜர் மூச்சு விட்டார். நானும்தான். பெரும்பாலான கேஸ்கள் இந்த இடத்தில்தான் முடிகின்றன, காகிதம் கிழிகிற சத்தத்தோடு. யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் நாற்காலியைப் பிடித்து எழுந்தேன்.

"போலீஸைக் கூப்பிடுங்க" என்றான் பிட்டர்.

"டேய், உன் நல்லதுக்குத்தானே அம்மா சொல்றாங்க" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார்." அவன் தரையைப் பார்த்துத்தான் பேசினான், ஆனால் நிறுத்தவில்லை. "கம்பியைக் கழட்டினது நான். சொன்னது நீங்க. ரெண்டும் சேந்து எழுதப்படணும். இல்லேன்னா அடுத்த வாரம் மறுபடி கழட்டச் சொல்வீங்க. நான் மறுபடி கழட்டிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்."

வெளியே சங்கு ஊதிற்று. இஸ்திரி மெஷின் நிற்கிற சத்தம் கேட்டது. ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒன்றும் பார்க்காத அந்தப் பெண்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசை மேல் இருந்த போனைக் கொழுந்தியாள் அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் எடுத்தான். நம்பர் தெரியாமல் விழித்தான். அவளே போட்டுக் கொடுத்தாள்.

அவன் பேசி முடிக்கும்வரை அண்ணி அசையாமல் நின்றாள். முடித்ததும் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"வீட்டுக்குப் போய் சட்டையை மாத்திட்டு வந்துடு" என்றாள். "இந்தக் கோலத்துல ஸ்டேஷனுக்கு என்கூட வராத."